கணினியின் தொடக்கப் பதிவுகளும் அவற்றைப் படிக்கும் நெறியும்

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாட்குறிப்பு ஆகிய சான்றுகளை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதனைத் தமிழாய்வாளர் நன்கு பயின்றுள்ளனர். எழுதியவன் யார், எழுதிய காலம் எது, நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே கழிந்த காலம் எவ்வளவு, இடையில் படி எடுத்தோர் எதனை விட்டனர் என்னும் வினாக்களை எழுப்பாமல் எச்சான்றினையும் அவர் ஏற்பதில்லை. இன்று அச்சான்றுகளின் படங்களும் படிகளும் பெரும்பாலும் கணினியிலேயே காக்கப்படுகின்றன. அக்கணினியோ, தான் இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தன் உறுப்புகளின் நலத்தையும் நலிவையும் தானே எழுதிவைக்கிறது. ஊரார் ஏட்டையெல்லாம் ஆராயும் நாம், அவ்வேடுகளைத் தாங்கிநிற்கும் கருவியின் ஏட்டினைத் திறந்தும் பார்ப்பதில்லை.

இக்கட்டுரை எழுதுவதற்கு வாயிலாய் அமைந்தது செஞ்சியில் எனக்கு நேர்ந்த ஓர் இழப்பு. செஞ்சியை அடுத்துள்ள திருநாதர்குன்றின் கல்வெட்டினைப் படம் எடுக்கவும், தேசிங்குராசன் கதையை வாய்ப்பாடமாகப் பாடவல்ல முதியவர் ஒருவரின் குரலைப் பதிவு செய்யவும் அங்குச் சென்றிருந்தேன். இரண்டும் நிறைவேறின. படங்களும் ஒலிப்பதிவும் மடிக்கணினியின் வட்டில் சேர்க்கப்பட்டன. ஊர் திரும்பிய மறுநாள் கணினி எழவில்லை. வட்டினைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பார்த்தபொழுது படங்களுட் சில கிடைத்தன, ஒலிப்பதிவு கிடைக்கவில்லை. கல் அவ்விடத்திலேயே இருக்கிறது. மீண்டும் படம் எடுக்கலாம். பாடியவர், யான் மறுமுறை செல்வதற்கு முன்னரே மறைந்தார். அவ்வட்டில் சிதையாது எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று கணினியின் தொடக்கப் பதிவேடு. அதனைப் படிக்கக் கற்றுக்கொண்டது அதன் பின்னரே.

எழுதுமிடம் அமையுமுன் எழுதுதல்

மின்விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது இயக்க முறைமை அன்று. தாய்ப்பலகையில் நிலையாகப் பொறிக்கப்பெற்ற ஒரு நிரல் முதலில் எழுந்து நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்றும், புதியனவற்றில் யூ.இ.எஃப்.ஐ. என்றும் பெயர். அது வட்டிலுள்ள ஏற்றுநிரலை அழைக்கும். ஏற்றுநிரல், இயக்க முறைமையின் நடுவாகிய உட்கருவை (இதனையே கெர்னல் என்பர்) நினைவகத்தில் கொணர்ந்து நிறுத்தும். உட்கரு எழுந்த பின்னரே செயலி, நினைவகம், வட்டு, திரை என்பன ஒன்றன்பின் ஒன்றாக அறியப்படுகின்றன.

லினக்ஸ் முறைமையில் இடையே இன்னுமொரு படியுண்டு. உட்கரு முதலில் நினைவகத்திலேயே அமைந்த ஒரு தற்காலிகக் கோப்பமைப்பில் தங்கி, வட்டினை இயக்குவதற்கு வேண்டும் துணைநிரல்களைப் பெற்று, அதன்பின் உண்மையான கோப்பமைப்பினுட் புகுகிறது. செஞ்சி ராசகிரியில் ஏறினோர் இதனை எளிதில் உணர்வர். வாயில்கள் பலவற்றைக் கடந்து ஏறியபின்னும், உச்சிக்கும் நமக்கும் இடையே ஆழ்ந்த பிளவொன்று நிற்கும். அதனைப் பாலத்தால் கடந்தாலன்றி மேலுள்ள கட்டடங்களைக் காணலாமேயன்றி அடைதல் இயலாது.

ஈண்டு எழும் சிக்கல் வெளிப்படை. பதிவுக் கோப்பு இருப்பது வட்டில். வட்டு கைக்கு எட்டுவதோ பயணத்தின் இடையில். ஆனால் சொல்லத்தக்க செய்திகள் பயணத்தின் முதலடியிலேயே தோன்றுகின்றன. அவற்றுள் வட்டினைப் பற்றிய செய்தியே தலையாயதாகவும் இருக்கலாம். களஞ்சியம் கட்டுமுன் விளைந்த நெல்லை எங்கே வைப்பது?

லினக்ஸ் உட்கரு இதற்குக் கண்ட வழி, நினைவகத்தில் ஓரளவான இடத்தை ஒதுக்கி அதில் எழுதுவது. அவ்விடம் வட்டமாக அமைந்த ஏடு போன்றது. எழுதிக்கொண்டே சென்று இறுதியை அடைந்தால், எழுத்தாணி மீண்டும் முதலுக்கே வந்து பழைய எழுத்தின்மேல் எழுதும். ஆதலின் இதனைச் சுழலேடு எனலாம். உட்கருவின் மூலநிரலில் இதற்கென இயல்பாகக் குறிக்கப்பட்ட அளவு 1,31,072 பைட்டுகள். இதனினும் இருமடங்கு ஒதுக்குவாரும் உளர். ஒரு தொடக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் எழுவது இயல்பாதலின், ஏதேனும் ஓர் உறுப்பு பழுதுற்று ஓயாது முறையிடுமாயின் சுழலேடு விரைவில் நிறைந்து, மிகப் பழைய வரிகள் மறைந்துபோகும்.

சுவடிப் பதிப்பாசிரியர் அறிந்த இழப்பே இது. ஏட்டுக்கட்டில் முதலோலைகளே முந்தித் தேய்கின்றன. தலைப்பும் காப்பும் இன்றிக் கிடைத்த சுவடிகள் எத்தனை என்பதனை இத்துறையினர்க்குக் கூற வேண்டியதில்லை. ஓலைச்சுவடிக்குத் தேய்வு புறத்தேயிருந்து வந்தது. சுழலேட்டிற்கு அது அமைப்பிலேயே உள்ளது. எனவே தொடக்கப் பதிவெனத் தரப்படும் ஒன்றனைக் கையிலெடுப்போர், அதன் முதல்வரி உண்மையிலேயே முதல்வரிதானா என்று முதற்கண் நோக்குதல் வேண்டும்.

முதல்வரியும் பாயிரமும்

அதனை நோக்குவது எளிது. முதல்வரிக்கென ஓர் அமைதி உண்டு. லினக்ஸ் என்னும் பெயர், பதிப்பெண், எவர் எக்கணினியில் தொகுத்தனர், எந்தத் தொகுப்பியால் தொகுத்தனர், எந்நாளில் தொகுத்தனர் என்பன அவ்வரியில் வரும். அடுத்து, ஏற்றுநிரல் இட்ட கட்டளை முழுமையாக எழுதப்படும். நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்கு உரியனவாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் கூறி, காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துரைப்பார் உளர் என்றார். அவற்றுள் நூற்பெயர், ஆக்கியோன், வழி, காலம், களன் என்னும் ஐந்தும் ஒரே வரியில் அமைந்திருத்தலைக் காணலாம். ஒரு வேறுபாடு உண்டு. பாயிரத்தை நூலாசிரியனே செய்துகொள்வது நம் மரபன்று. ஆசிரியனோ, உடன்பயின்றோனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்வர். உட்கருவுக்கு அவ்வாறு செய்வார் ஒருவரும் இல்லை. அது விழிக்கும்பொழுது அருகில் எவரும் விழித்திருப்பதில்லை.

இவ்வரி இன்றி இடையிலே தொடங்கும் பதிவு, பாயிரம் இழந்த சுவடி என்று கொள்ளத்தக்கது.

ஒவ்வொரு வரியோடும் அதன் கடுமை எண்ணாற் குறிக்கப்படுகிறது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உள்ளன. சுழியம், முறைமையே பயன்படாத நிலை; 3 பிழை; 4 எச்சரிக்கை; 6 வெறுஞ்செய்தி; 7 நிரலாசிரியர்க்கே பயன்படும் நுணுக்கம். எண் குறையக் குறையக் கேடு மிகும் என்க.

இன்றைய முறைமைகள் பல, தொடக்கத்தின்போது இவ்வரிகளைத் திரையிற் காட்டாமல் ஓர் அழகிய படத்தையோ சுழலும் வட்டத்தையோ காட்டுகின்றன. உட்கருவுக்கு ‘அமைதி’ என்னும் பொருள்படும் ஒரு சொல் கட்டளையில் இடப்படுவதே அதற்குக் காரணம். அச்சொல் திரையைத்தான் அடக்குகிறது; ஏட்டினை அடக்குவதில்லை. திரைக்கு வராத வரியும் சுழலேட்டில் எழுதப்பட்டே இருக்கும். பயில்வோரை அச்சுறுத்தலாகாது என்னும் நல்லெண்ணத்தால் இவ்வழக்கம் ஏற்பட்டது. எனினும் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஓடும் வரிகளைப் பார்த்துப் பழகிய ஒருவன், பொருள் அறியாவிடினும், வழக்கத்திற்கு மாறாக ஒரு வரி நின்று தடுமாறுவதைக் கண்ணாற் கண்டான். படத்தின் பின்னே நிகழும் தடுமாற்றத்தை இன்று காண்பார் இலர். இம்மாற்றத்தில் இழந்ததே மிகுதி என்பது என் கருத்து.

வாய்க்கேள்வியிலிருந்து வரிப்பொத்தகத்திற்கு

நினைவகத்தில் உள்ளது மின்சாரம் நின்றால் அழியும். எனவே சுழலேட்டில் உள்ளதை வட்டில் சேர்த்தல் வேண்டும். இதனைச் செய்வது உட்கரு அன்று. அதற்கெனத் தனிப் பணிநிரல் உண்டு. கோப்பமைப்பு திறந்தபின் அது எழுந்து, தான் பிறக்குமுன் சொல்லப்பட்டவற்றையெல்லாம் சுழலேட்டிலிருந்து கேட்டுக் கோப்பில் எழுதுகிறது. பின்னர் வருவனவற்றை வரவரச் சேர்க்கிறது.

சோழர் ஆட்சிமுறையைப் பயின்றோர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருவாய்க்கேள்வியாக ஏற்றோர், திருமந்திர ஓலை எழுதுவார், அதனை ஒப்புநோக்கும் ஓலைநாயகம், வரிப்பொத்தகத்தில் ஏற்றும் புரவுவரித் திணைக்களத்தார் எனப் பலர் கைப்பட்டே ஓர் ஆணை நிலைபெற்றது. கல்லிலும் செம்பிலும் வெட்டுவது அதற்கும் பின்னர். லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டில், முதலாம் இராசராசன் வாய்மொழியாகத் தந்த கொடையை அவன் மகன் இராசேந்திரனே செம்பில் நிலைபெறச் செய்தான். சொல்லியவன் ஒருவன், நிலைபெறுத்தியவன் மற்றொருவன், இடைக்காலம் ஒன்று: இம்மூன்றும் கணினிப் பதிவிலும் உள. ஆண்டுகள் நொடிகளாகச் சுருங்கின, முறை அதுவே.

இப்பணிநிரல்களுள் பழையது சிஸ்லாக் என்பது. 1980களில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பார், தாம் ஆக்கிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலின் துணையாக இதனை வகுத்தார். அஞ்சலுக்கென எழுந்தது பின்னர் எல்லா நிரல்களுக்கும் பொதுவாயிற்று. அதன் வழக்குகள் 2001இல் எழுத்தில் வடிக்கப்பெற்று, 2009இல் முறையான இலக்கணம் பெற்றன. வழக்கு முன்னும் இலக்கணம் பின்னும் என்பது இங்கும் பொருந்துகிறது. யூனிக்ஸ் வழிப்பட்ட முறைமைகளில் ‘வார்’ என்னும் அடைவினுள் ‘லாக்’ என்னும் உள்ளடைவில் இதன் கோப்புகள் இருக்கும். பொதுச் செய்திக்கு ஒன்று, உட்கருவின் செய்திக்கு ஒன்று, தொடக்கப் பணிகளின் நிலைக்கு ஒன்று எனப் பிரித்தெழுதுவதும் உண்டு. கோப்பு பெருகாதிருக்கப் பழையனவற்றை எண்ணிட்டு ஒதுக்கி, குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டனவற்றை நீக்குவர். வாரத்திற்கு ஒன்றாக நான்கினை வைத்துக்கொள்வது பரவலான வழக்கு. ஒரு திங்களுக்கு முந்திய தொடக்கத்தை அறிய விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

2010இல் தோன்றிய சிஸ்டம்டி என்னும் தொகுதி, மறு ஆண்டிலேயே ‘ஜர்னல்’ எனும் புதுப் பதிவேட்டினைக் கொணர்ந்தது. இதில் ஒவ்வொரு தொடக்கத்திற்கும் தனித்த அடையாள எண் இடப்படுகிறது. இப்போதைய தொடக்கம் 0, முந்தியது கழித்தல் 1, அதற்கு முந்தியது கழித்தல் 2 எனப் பின்னோக்கி எண்ணி, வேண்டிய தொடக்கத்தின் பதிவை மட்டும் பிரித்துக் காணலாம். தேடுவோர்க்கு இது பேருதவி. குறை இரண்டு. ஒன்று, இது வெறும் எழுத்தாக அன்றித் தனக்கேயுரிய வடிவில் எழுதப்படுவதால் தன் நிரலின் துணையின்றிப் படிக்க இயலாது. மற்றொன்று இன்னும் கடியது: வட்டில் இதற்கென ஓர் அடைவு முன்னரே இல்லையாயின், இது இயல்பாக நினைவகத்திலேயே எழுதும், கணினி அணைந்தவுடன் ஏடு முழுவதும் போம். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் 2021இல் வந்த 11ஆம் பதிப்பு முதலே இவ்வடைவு இயல்பாக அமைக்கப்பட்டது. பழைய பதிப்புகளையே இன்றும் வைத்திருக்கும் கல்வி நிலையங்கள் இதனை ஒருமுறை நோக்குதல் நன்று.

வேற்றிடத்துப் பதிவு

பதிவேட்டினைக் கணினியின் வட்டிலேயே வைப்பதில், காக்கும் பெட்டியும் காக்கப்படும் பொருளும் ஒருங்கே அழியும் இடர் உண்டு. செஞ்சியின் வரலாறே இதற்குச் சான்று. 1690 முதல் 1698 வரை இராசாராமும் அவன் படையும் இக்கோட்டையில் முகலாயரால் முற்றுகையிடப்பட்ட செய்தியை நாம் விரிவாக அறிவது, கோட்டைக்குள் எழுந்த ஏடுகளால் அன்று. முகலாயப் படையோடு வந்த பீம்சேன் பாரசீக மொழியில் எழுதிய குறிப்பும், புதுச்சேரியிலிருந்த பிரான்சுவா மார்த்தேன் எழுதிய நினைவேடும், ஏசு சபையார் மடல்களுமே பெருந்துணை. 1750இல் புசி கோட்டையைக் கைப்பற்றிய செய்தியும் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்புக் காலத்தினுள் அடங்குவது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி.எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாற்று நூல் இத்தகைய புறச்சான்றுகளைத் திரட்டியே உருப்பெற்றது.

சிஸ்லாக் நிரலுக்கும் இவ்வாற்றல் உண்டு. தன் செய்திகளை வலையமைப்பின் வழியே வேறொரு கணினிக்கு அனுப்பி ஆங்கே பதியச் செய்யலாம். நூலகங்களிலும் பெரிய ஆய்வு நிறுவனங்களிலும் இதனைச் செய்வர். வட்டு அறியப்படுமுன்னரே உட்கரு வீழ்ந்துவிட்டால், வரிவடக் கம்பி வழியே வெளியே அனுப்பப்பட்டதே எஞ்சும். அதுவும் இல்லாத எளியோர், திரையில் உறைந்து நிற்கும் இறுதி வரிகளைக் கைப்பேசியாற் படம் எடுத்துக்கொள்வதே வழி. இதனை எள்ளற்க, அப்படம் ஒன்றே பலமுறை மூலச்சான்றாய் நின்றிருக்கிறது.

காலக் கணக்கு

தொடக்கப் பதிவில் தமிழாய்வாளர் மிகவும் நின்று நோக்கத்தக்கது காலக் குறிப்பே. உட்கரு எழுதும் ஒவ்வொரு வரியின் முன்னும் பகர அடைப்பினுள் ஓரெண் இருக்கும். அது நாளும் அன்று, மணியும் அன்று. உட்கரு எழுந்தது முதல் கழிந்த நொடி, ஆறு பதின்கூற்று நுட்பத்துடன். கல்வெட்டுகளிலுள்ள ஆட்சியாண்டுக் கணக்கும் இஃதும் ஒரே இனத்தன. ‘யாண்டு 21, நாள் 92’ என்று ஆனைமங்கலச் செப்பேடு கூறும்பொழுது, இராசராசன் ஆட்சி 985இல் தொடங்கியது என்பதனைப் பிற சான்றால் அறிந்தாலன்றி அந்நாளை நாம் பொது ஆண்டிற் பொருத்த இயலாது. அவ்வாறே ‘12.5’ என்று உட்கரு கூறினால், அது எழுந்த நேரம் எது என்பதனை வேறிடத்திலிருந்து அறிதல் வேண்டும்.

சுழலேட்டினைப் படிப்பதற்கு அமைந்த கட்டளை, இந்நொடிகளை நாள்மணியாக மாற்றித் தரவும் வல்லது. ஆனால் அது கணக்கிட்டுப் பெற்றதேயன்றிப் பதியப்பட்டது அன்று. கணினி இடையே உறங்கி எழுந்திருப்பின் கணக்குப் பிழைபடும் என்று அக்கட்டளையின் விளக்கவுரையே எச்சரிக்கிறது. தந்தையின் ஆட்சியும் இளவரசுப்பட்டம் பெற்ற மகனின் ஆட்சியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்களில் சோழர் காலக் கணிப்பில் நேர்ந்த இடர்ப்பாடுகளை நினைவுகூர்க. பதிந்த எண்ணையும் கணித்த நாளையும் ஆய்வாளர் வேறுவேறாகக் குறித்தலே முறை.

முதற்பகுதியில் பல வரிகள் எல்லாம் சுழியம் என்றே காலம் காட்டும். அவையனைத்தும் ஒரே நொடியில் நிகழ்ந்தன என்று கொள்ளற்க. காலத்தை அளக்கும் கருவி அதுவரை ஓடத் தொடங்கவில்லை என்பதே பொருள். அங்கு முன்பின் அறிவதற்கு வரிகளின் வைப்புமுறை ஒன்றே துணை.

செஞ்சிக்கு வடக்கே சிறுகடம்பூரை அடுத்த திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட பாறைக்கு அண்மையில், சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை பற்றிய வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. அவர் உண்ணாநோன்பு நோற்ற நாள்கள் 57 என்பதனை அது கூறுகிறது. மன்னன் பெயர் இல்லை, யாண்டு இல்லை. எத்துணை நாள் கழிந்தது என்பது ஐயமின்றித் தெரிகிறது. எப்பொழுது என்பது தெரியவில்லை. எழுத்தின் வடிவு கொண்டே அதன் காலத்தை அறிஞர் மதிப்பிடுகின்றனர். காலத்தின் நீட்சியைத் துல்லியமாகவும் இருப்பிடத்தைச் சொல்லாமலும் விடும் இப்பதிவு, சுழலேட்டின் வரிக்கு நேர் இணை. அக்கல்லின் அருகில் அமர்ந்து படம் எடுத்தபொழுது இவ்வொப்புமை எனக்குத் தோன்றவில்லை என்பதனையும் கூறிவிடுகிறேன்.

பணிநிரல் வட்டில் எழுதும்பொழுது நாள்மணியையும் சேர்க்கும். அந்நாள்மணி தாய்ப்பலகைக் கடிகாரத்தினின்று வருவது. அக்கடிகாரம் சிறு மின்கலத்தால் இயங்குவது. மின்கலம் தீர்ந்த கணினிகள் பழைய நாளிலேயே விழிக்கின்றன. யூனிக்ஸ் முறைமைகள் காலத்தை 1970 சனவரி 1 முதல் எண்ணுவன ஆதலின், சில பதிவுகள் அந்நாளைக் காட்டுவதும் உண்டு. பின்னர் வலையமைப்பிலிருந்து உண்மை நேரம் கிட்டியதும், அடுத்த வரி பல ஆண்டுகள் தாண்டிக் குதிக்கும். அங்ஙனம் குதித்த இடத்தில் நாள்மணியை விட்டு நொடியெண்ணையே பற்றிச் செல்லுதல் வேண்டும்.

இறந்ததை எழுதுவோர்

விண்டோஸ் முறைமையில் நிகழ்ச்சிப் பதிவேடு என்னும் அமைப்பு, 1993இல் வெளிவந்த என்.டி. முதற்பதிப்பிலிருந்தே உண்டு. அதில் நிகழ்ச்சிகளுக்கு எண்கள் உள. 6005 என்பது தொடக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுவது. அதன் வாசகத்தை நோக்கினால், பதிவேட்டுப் பணி தொடங்கியது என்றே இருக்கும்; கணினி தொடங்கியது என்று இராது. பதிவாளன் தான் வந்ததனையே முதலிற் பதிகிறான். 6006, அப்பணி முறையாக நின்றது என்பது.

மின்சாரம் திடீரென நின்றால் 6006 எழுத நேரமில்லை. மறுமுறை எழும்பொழுது, முன்னைய முடிவு எதிர்பாராதது என 6008 எழுதப்படும். தான் உயிரோடிருந்த நேரத்தை முறைமை அவ்வப்போது குறித்துவைப்பதனால், இறுதியாக அறியப்பட்ட நேரமும் அதில் இடம்பெறும். நடுகல்லை வீழ்ந்த மறவன் எழுப்புவதில்லை, எஞ்சியோரே எழுப்புவர். எனவே 6008 குறிக்கும் மறைவின் நேரத்திற்கும் அது எழுதப்பட்ட நேரத்திற்கும் இடையே நாள்கள் பல கழிந்திருக்கக்கூடும்.

பதிவின் மொழி

உட்கருவின் வரிகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தார் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய லினக்ஸ், முகப்பினைத் தமிழிலும் காட்டவல்லது. அதன் உட்கருவோ ஆங்கிலத்திலேயே பேசுகிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுண்டு. தொடக்கத்தில் அமையும் எளிய எழுத்துத்திரை 256 அல்லது 512 வடிவங்களையே ஏற்பது. ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் வரிசையாக வைப்பது. கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் நிற்கவேண்டிய ‘கொ’ போன்ற வடிவங்களைக் கோத்தெழுத அதற்கு அறிவில்லை. வேறொரு காரணமும் கூறுவர்: உலகெங்கும் ஒரே சொற்றொடராய் இருந்தால்தான் ஒருவர் கண்ட பிழையை மற்றொருவர் தேடிக் காண இயலும். இதனை மறுக்க யான் முற்படவில்லை. மூலம் ஒரே வடிவில் நிற்க, அதற்குத் தமிழில் உரை எழுதுவதைத் தடுப்பது எதுவுமில்லை. உரை எழுதுதல் நமக்கு அயலான கலையன்று. பிழை, எச்சரிக்கை என்னும் நிலைகளில் அடிக்கடி வரும் சில நூறு தொடர்களுக்கு உரை அமைந்தால், களப்பணி செய்யும் மாணவர்க்கு அது போதும்.

அவ்வுரை எழுதப்புகுவோர் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது வட்டினைப் பற்றிய தொடர். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, இன்ன வட்டு, இன்ன துண்டம் என்னும் மூன்று செய்திகளை அது கூறும். வட்டின் ஒரு துண்டத்தைப் படிக்க முயன்று இயலவில்லை என்பது பொருள். அது ஒருமுறை தோன்றினும் இணைப்புக் கம்பியை நோக்கி, படிகளை உடனே வேறிடத்தில் எடுத்துவிடுதல் வேண்டும். கணினி அதன்பின்னும் இயல்பாக இயங்குவதுபோலவே தோன்றும். அத்துண்டத்தில் உள்ள கோப்பினை எவரும் திறக்காதவரை குறை தெரியாது.

என் வட்டின் பதிவேட்டில் அத்தொடர் 11 தொடக்கங்களில் வந்திருந்தது. முதலில் ஓரிரு வரி, போகப்போக மிகுதி. கடிகாரம் பிழைபட்டிருந்தமையால் நாள்மணி பயன்படவில்லை. இறுதித் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒலிப்பதிவுக் கருவியை இணைத்த செய்தி உள்ள தொடக்கத்தைக் கண்டுகொண்டேன். அது இறுதியினின்று நான்காவது. அக்கருவி இணைக்கப்பட்டது தொடங்கி 1,904 நொடிகள் கழிந்தபின். வட்டுப்பிழையின் முதல்வரி 3ஆம் நொடியிலேயே எழுதப்பட்டிருந்தது. பெரியவர் அப்போது பாடத் தொடங்கவில்லை. திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.